மேல்மாடியில் ஒரு ரெக்கோடிங் பார்

வீட்டு உறுதி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காஸ் சிலிண்டர் எப்போது மாற்றியது, கிணற்று மோட்டர் எத்தனை குதிரைவலு, மகளின் இரத்தம் எந்த வகை, இவையும் தெரியாது. மனுசிக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். ஆனால் நோர்வேயின் ‘ஆ-ஹா’ குழுவின் ‘ரேக் ஒன் மீ’ 1984இல் ஒருதரம் வெளிவந்து விலைப்படாமல் போனதும், அடுத்த வருடம் புதிதாகச் செய்து விட்டபிறகுதான் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததும், அதன் வீடியோவுக்கு ஏறத்தாழ 3,000 படங்களைப் பென்சிலால் வரைய 16 கிழமை எடுத்ததும் நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நித்திரையில் ஒருவரும் தட்டி எழுப்பிக் கேட்பதில்லை. முழித்திருக்கும்போதே கேட்பதில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

மனுசி இதை ஒரு வருத்தம் என்று நம்புகிறாள். மருந்து இல்லை, பத்தியம் உண்டு என்பது அவளுடைய கட்சி. பத்தியம் என்னவென்றால், என்னைத் தனியாகச் சந்தைக்கு அனுப்பாமல் விடுவது. திருநெல்வேலிச் சந்தைக்குச் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கப் போன இடத்தில் வியாபாரியின் கைத்தொலைபேசி ‘த ஃபைனல் கவுன்ற்டவுன்’ என்று முழங்கியது. மனுசன் அதை எடுத்து “ஹலோ” சொல்ல முந்தியே நான் தொடங்கிவிட்டேன். அது சுவீடன் நாட்டு ‘யூரோப்’ குழுவின் பாட்டு, 1986இல் வந்தது, அந்த ‘பாப்பாப் பாம்’ மெட்டைப் பாடகர் பல வருடத்துக்கு முந்தியே இரவல் வாங்கின கீபோர்ட்டில் வாசித்து வைத்திருந்தார் என்று. வியாபாரி மரியாதையான மனுசன், முழுக்கக் கேட்டார். “அப்ப ஐயா, வெங்காயம்?” என்றும் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. மெட்டை இரவல் கீபோர்ட்டில் போட்டவருக்கும் வெங்காயத்துக்கும் என்ன தொடர்பு என்று யோசித்துக்கொண்டே வெறும் உமலோடு வீட்டுக்கு வந்தேன்.

“போனது வெங்காயத்துக்கு. வந்தது சுவீடனிலை இருந்து” என்றாள் மனுசி. அன்றைக்கு எங்கள் வீட்டில் வெங்காயமில்லாச் சம்பல்.

வருத்தம் பிடித்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அப்போது எங்கள் வீட்டில் ஒரு ரேடியோ. காலையும் மாலையும் அது அப்பாவுடையது, செய்திக்கு. நடுவில் அம்மாவுடையது, இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளுக்கு. அப்துல் ஹமீத்தின் ‘பாட்டுக்குப் பாட்டு’ போனால் அடுப்பில் பால் பொங்கினாலும் கேட்பாரில்லை. மிச்சமிருக்கும் இராத்திரி நேரம்தான் எனக்கு. சத்தத்தைக் குறைத்து, காதை ஸ்பீக்கரோடு ஒட்டி, ஆங்கில சேவையைப் பிடிப்பேன். பாட்டின் பெயரை அறிவிப்பாளர் சொல்லுகிற அந்த நொடியில்தான் அப்பா இருமுவார். அதனால் பல வருடங்களாக எனக்குப் பிடித்த பாட்டுகளின் பெயர் எல்லாம் “க்கும்”.

ரவுணில் ரெக்கோடிங் பார்கள் இருந்தன. ஒரு கசற்றும், கொப்பித் தாளில் பாட்டுகளின் பட்டியலும் கொடுத்தால் சில நாளில் பதிந்து தருவார்கள். வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இளையராஜா. எங்களைப் போன்ற சில கொலிஜ் பெடியள் மட்டும், விளங்குகிறதோ இல்லையோ, ஆங்கிலப் பட்டியலோடு போவோம். உயர்தரச் சோதனையில்கூட நான் அவ்வளவு வடிவாக எழுதியதில்லை. கடைக்கார அண்ணை மேலிருந்து கீழே பார்ப்பார். “தம்பி, இது கிடக்கு. இது இல்லை. இதுவும் இல்லை. இல்லாததுகளுக்குப் பதிலா போனி எம் போட்டு விடட்டே?” எதைக் கேட்டாலும் பதிலுக்குப் போனி எம்தான். என்னிடம் இருந்த மைக்கல் ஜக்சன் கசற் ஒன்றில் முக்கால்வாசி போனி எம்.

அறுபது நிமிடக் கசற்றில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். அந்தக் கணக்கு ரெக்கோடிங் பாரில் ஒருவருக்கும் பொருட்டில்லை. பக்கம் முடிகிற இடத்தில் பாட்டும் முடியும். பிரின்ஸின் ‘பேர்ப்பிள் ரெயின்’ அல்பத்தில் எட்டரை நிமிடத்துக்கும் மேலே ஓடும் பாட்டு. எனக்கு வாய்த்தது அதில் பாதி. மழை இருட்டிக்கொண்டு வரும், பெய்யாது. வாலிப வயது முழுவதும் அந்தப் பாட்டு அப்படித்தான் முடியும் என்று நினைத்து, “என்ன துணிச்சலான முடிவு!” என்று மதகடியில் விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன்.

மதகடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒழுங்கையும் றோட்டும் சந்திக்கிற இடத்து மதகில்தான் எங்கள் பின்னேரங்கள் கழிந்தன. அங்கே இரண்டு சாதிப் பெடியள் இருந்தார்கள். கசற் வைத்திருப்பவன், விசயம் வைத்திருப்பவன். கசற்றுக்குக் காசு வேண்டும். விசயம் சும்மா கிடைக்கும். கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்திறங்கும் ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பேப்பரைச் சனசமூக நிலையத்தில் யாரும் தொடமாட்டார்கள். நான் தொடுவேன். ‘யூபி40’ என்ற குழுவுக்கு அந்தப் பெயர் இங்கிலாந்தில் வேலையில்லாதவர்கள் உதவிப்பணம் கேட்டு நிரப்புகிற படிவத்தின் பெயரிலிருந்து வந்தது, அவர்களுடைய ‘ரெட் ரெட் வைன்’ 1967இல் நீல் டயமண்ட் எழுதியது, அதை யாரோ ஜமேக்காக்காரனின் பாட்டு என்று நினைத்துத்தான் பாடினார்கள் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவேன். ‘ரோட்டோ’ குழுவின் ‘ஆபிரிக்கா’ பாட்டை எழுதியவர் அதற்கு முன் ஆபிரிக்காவில் காலே வைத்ததில்லை என்று சொன்ன அன்றைக்கு என் மதிப்பு உச்சத்தில் நின்றது. கோண்டாவிலுக்கு அங்கால் போகாத நான் லண்டனைப் பற்றிக் கதைப்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி ஏது?

பாட்டைக் கேட்டவன் ஒருத்தன், பாட்டைப் பற்றிக் கதைத்தவன் பத்துப் பேர் என்பதுதான் அந்தக் காலத்து யாழ்ப்பாணம். அந்தப் பத்துப் பேருக்கும் நான் தலைவன்.

1983க்குப் பிறகு மதகு மெல்ல மெல்ல வெறுமையானது. மச்சான் ஒருத்தன் மேற்கு ஜேர்மனிக்குப் போனான். போனவன் கடிதத்தோடு ஒரு கசற்றும் அனுப்பினான், ‘மொடேர்ன் ரோக்கிங்’. இரண்டு ஜேர்மன்காரர்கள் ஆங்கிலத்தில் பாடுவது. 1985, 86இல் தொடர்ந்து ஐந்து பாட்டுகள் அந்த நாட்டில் முதலிடத்துக்குப் போயின. விமர்சகர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருத்தரும் சுளிக்கவில்லை. முதன்முதலாக ஒரு ஆங்கிலப் பாட்டு முழுக்க விளங்கியது அப்போதுதான். பாடுகிறவனுக்கும் அது ரியூசனில் படித்த ஆங்கிலம், கேட்கிற எங்களுக்கும் ரியூசனில் படித்த ஆங்கிலம். இருதயம், ஆன்மா, சகோதரன் என்று எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள். மச்சான் கடிதத்தில், “இங்கை எல்லாரும் இதைத்தான் கேக்கினம். நான் கோப்பை கழுவேக்கையும் இதுதான் போகுது” என்று எழுதியிருந்தான். நான் பதிலில் முதலிடம் பிடித்த ஐந்து பாட்டுகளின் பெயர்களையும் வரிசையாக எழுதிக் கேட்டேன், சரியா என்று. சுகமா என்று கேட்க இடம் போதவில்லை.

இனி டுரான் டுரானுக்கு வருவோம். வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் மகள் எழும்பி அறைக்குப் போய்விடுவாள், ஆகவே வாசகரிடம் சொல்கிறேன். 1982 ஏப்ரலில் இந்த ஆங்கிலேயப் பெடியள் இலங்கைக்கு வந்து ‘ஹங்ரி லைக் த வூல்ஃப்’, ‘சேவ் எ பிரேயர்’ உட்பட மூன்று பாட்டுகளுக்கு வீடியோ பிடித்தார்கள். சீகிரியாவின் உச்சி, பொலன்னறுவைப் புத்தர் சிலைகள், காலிப் பக்கத்துக் கரை. கிற்றார்காரர் அண்டி ரெய்லரின் வயிற்றுக்குள் இந்த நாட்டுத் தண்ணீர் போய், பிறகு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் அம்மாமாரில் யாராவது ஒருவர் அந்தப் படப்பிடிப்பில் நின்றிருந்தால், கொதிச்சாறின தண்ணியைப் போத்தலில் கொடுத்து அனுப்பியிருப்பார். 1984இல் குறும் வீடியோவுக்கு என்று முதன்முதலாகக் கிராமி விருது கொடுத்தபோது அது ‘ஹங்ரி லைக் த வூல்ஃபு’க்கும் ‘கேர்ள்ஸ் ஒன் ஃபில்மு’க்கும் சேர்ந்து போனது. எங்கள் நாட்டு மலையை ஒஹாயோவில் இருந்தவன் நாளுக்கு நாலுதரம் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் நான் அந்த வீடியோ எப்படி இருக்கும் என்று மதகடியில் கையைக் காலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். நானும் பார்த்ததில்லை என்பது வேறு கதை.

கலியாணம் முடித்த புதிதில் இதை மனுசிக்கு விபரமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“அவங்கள் யாழ்ப்பாணம் வந்தவங்களே?”

“இல்லை.”

“பேந்தென்ன?”

இன்றுவரைக்கும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

1990இல் சண்டை மறுபடி தொடங்கினதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் போய்விட்டது. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான்களின் பட்டியலில் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து மூளை அதற்கும் வழி கண்டது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்பது. பிபிசி தமிழோசைக்குச் சுற்ற ஊரே முறை வைத்து நிற்கும். பிரின்ஸுக்கு யார் சுற்றுவார்? அயல் பெடியன் ஒருத்தனுக்கு ஆசை காட்டி, ரேப்பை டைனமோவில் பூட்டிப் பார்த்தோம். அவன் களைக்கக் களைக்க மோட்டர் மெதுவாகும். மைக்கல் ஜக்சன் படிப்படியாகச் சிவாஜி கணேசனின் குரலுக்கு இறங்கி, கடைசியில் ஒப்பாரியில் நின்றார். ‘த்ரில்லர்’ அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் காட்டியது. 1988இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்த ‘டோன்ற் வொறி, பீ ஹப்பி’ பாட்டில் ஒரு வாத்தியமும் இல்லை, எல்லாச் சத்தமும் பொபி மக்ஃபெரின் என்ற ஒரே மனுசனின் வாயாலும் உடம்பாலும் வருவது, அப்படிப்பட்ட பாட்டு அந்த இடத்தைப் பிடித்தது அதுதான் முதல்தடவை. தடைப் பட்டியலுக்கு அகப்படாமல் யாழ்ப்பாணத்துக்குள் வரக்கூடிய ஒரே ஒரு ஹிட் அதுதான் என்று ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்காரருக்கு விளக்கினேன். அப்பா, “மண்ணெண்ணெய் முடியுது, படு” என்றார்.

அந்த ஐந்து வருடம்தான் என் தலையைப் பழுதாக்கியது என்று பின்னாளில் விளங்கியது. பாட்டு இருந்திருந்தால் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். பாட்டு இல்லை, விசயம் மட்டும் இருந்தது. இருட்டில் மதகில் இருந்து, மிச்சமிருந்த இரண்டு மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வோம். எந்த வருடம், யார் எழுதினது, எத்தனை கிழமை முதலிடம். ஒருத்தன் கேள்வி கேட்டு, மற்றவன் சரியாகச் சொன்னால் பாட்டைக் கேட்ட மாதிரி.

1995 ஐப்பசி முப்பது. அந்த இராத்திரியைப் பற்றி எழுத இது இடமில்லை. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. அம்மா உறுதியையும் நகையையும் எடுத்தார். அப்பா பென்சன் புத்தகத்தையும் குடையையும். நான் ஒரு பிஸ்கற் பேணி நிறையக் கசற் எடுத்தேன். ரேப் ரெக்கோடரை வீட்டிலேயே விட்டேன், பாரம் கூட என்று.

மீசாலைப் பக்கம் எங்களை இருக்கவிட்ட வீட்டுக்காரர் நல்ல மனுசன். போட்டுக் கேட்க வழியில்லாத கசற்றை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. குரும்பட்டி வளவுக்குப் பின்னால் அவருக்கு நெல்லுக் கிடந்தது, குருவித் தொல்லை. நாடாவை உருவித் தடிக்குத் தடி இழுத்துக் கட்டினால் வெயிலுக்கு மினுங்கும், காற்றுக்கு ‘விர்ர்’ என்று சத்தம் போடும், குருவி கிட்ட வராது. ‘பேர்ப்பிள் ரெயின்’ அந்த வயலில்தான் முழுநேரமும் ஓடியது. குருவிகள் பாதியிலேயே எழும்பிப் போயின. போனி எம்முக்கு மட்டும் ஒன்றிரண்டு வந்து இருந்தன என்று வீட்டுக்காரர் முறைப்பட்டார்.

பிறகு மின்சாரம் வந்தது, இணையமும் வந்தது. மகள் தன் போனில் ‘ரேக் ஒன் மீ’ வீடியோவைப் போட்டுக் காட்டினாள். தலைக்குள் இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருந்த வீடியோவோடு ஒப்பிட்டால் அது கொஞ்சம் மட்டம்தான். என்னுடையதில் குதிரை வரும். ‘ஹங்ரி லைக் த வூல்ஃப்’ போட்டபோது மனுசியும் எட்டிப் பார்த்தாள். வியர்த்து வடிந்தபடி ஒரு வெள்ளைக்காரன் சந்தைக்குள்ளால் ஓடுகிறான். “இவரும் வெங்காயம் வாங்காமத்தான் வாறார்” என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

வெளியிடங்களில் என்னால் வருகிற தொல்லைக்கு ஒரு உதாரணம் போதும். நல்லூர்ப் பக்கத்து மண்டபம் ஒன்றில் சொந்தத்துக் கலியாணம். ட்ரோன் பறக்கிறது, மாப்பிள்ளை பொம்பிளை படியிறங்குகிறார்கள், பின்னணியில் ‘த பொலிஸ்’ குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ ரேக்’. எனக்குப் பொறுக்கவில்லை. பெண்ணின் தகப்பனைத் தூணடிக்கு இழுத்துக்கொண்டுபோய்ச் சொன்னேன். இது 1983 பாட்டு, அமெரிக்காவில் எட்டுக் கிழமை முதலிடம், ஸ்ரிங் இதை ஜமேக்காவில் ஜேம்ஸ் பொண்ட் கதைகள் எழுதப்பட்ட வீட்டில் இருந்து எழுதினார், சனம் காதல் பாட்டு என்று நினைக்கிறது, எழுதினவரே இல்லை என்கிறார், விட்டுப்போனவளை விடாமல் வேவு பார்க்கிறவனின் பாட்டு இது என்று. தகப்பன் கொஞ்சநேரம் யோசித்தார். “அண்ணை, நாங்கள் சென்றிக்குச் சென்றி இறங்கி ஐசி காட்டித் திரிஞ்ச ஆக்கள். எங்களை ஒருத்தன் அப்பிடிப் பாத்துக்கொண்டு நிண்டால் அது என்னெண்டு எங்களுக்குத் தெரியாதே? பெடியள் ஆசைப்பட்டுப் போட்டிருக்கினம், விடுங்கோ. சாப்பிட்டாச்சா?” நான் போய்ச் சாப்பிட்டேன்.

என்னிடம் ஒரு பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. சம்பந்தம் பேச வந்தவர்களிடம் அதை எடுத்தது மட்டும்தான் பிசகு என்பது மகளின் கருத்து. மாப்பிள்ளையின் தகப்பன் லண்டனில் இருந்து வந்தவர். பிளேன் ரீ வருகிற இடைவெளியில் கதை இல்லாமல் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரைப் பார்க்கிற மனுசருக்கு உதவி செய்வது வீட்டுக்காரனின் கடமை.

“லண்டனிலை 1979இல் ‘பக்கிள்ஸ்’ எண்டு ஒரு குழு, வீடியோ வந்து ரேடியோக்காரனை முடிச்சுப்போட்டுது எண்டு ஒரு பாட்டுப் போட்டது தெரியுமோ?” என்று தொடங்கினேன். தெரியாது என்றார். நல்லதாய்ப் போயிற்று. 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவில் எம்ரிவி தொடங்கியபோது முதல் காட்டிய வீடியோ அதுதான். அதை இயக்கியவர் ரஸல் மல்கேஹி. அதே ஆள்தான் அடுத்த வருடம் டுரான் டுரானைக் கூட்டிக்கொண்டு சீகிரியாவுக்கு வந்தவர். அந்த 1982இலேயே பம்பாயில் ‘டிஸ்கோ டான்ஸர்’ படம் வருகிறது. பப்பி லஹிரி பக்கிள்ஸின் மெட்டைத் தூக்கி இந்தியில் போடுகிறார், உஷா உதுப் பாடுகிறார். 1985இல் அந்தப் படத்தைத் தமிழில் ‘பாடும் வானம்பாடி’ ஆக்கி, நாகேஷின் மகன் ஆனந்த்பாபுவை ஆடவிடுகிறார்கள். ‘டிஸ்கோ டான்ஸரி’ல் வந்த இன்னொரு பாட்டுத்தான் ‘ஜிம்மி ஜிம்மி’. 2007இல் அதை எடுத்து லண்டனிலிருந்து உலகத்துக்குப் பாடினது யார்? சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்கள் பெட்டை, எம்.ஐ.ஏ! ‘கலா’ என்று தாயின் பெயரைச் சூட்டிய அல்பத்தில்! லண்டனில் கிளம்பினது அமெரிக்கா, சீகிரியா, பம்பாய், சென்னை எல்லாம் சுற்றி, ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வாயால் திரும்ப லண்டனுக்கே வந்து சேர்ந்துவிட்டது பார்த்தீர்களா?

எழும்பி நின்று, கையால் காற்றில் வட்டமும் போட்டுக் காட்டினேன். ரீ தட்டோடு வந்த மனுசி வட்டத்துக்கு வெளியே நின்றாள். மாப்பிள்ளையின் தகப்பன் தொண்டையைச் செருமினார். “எங்கடை பெடியனுக்குப் பாட்டிலை அவ்வளவு விருப்பமில்லை” என்றார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். போன கிழமை எங்கள் சாத்திரியாரைக் கண்டேன். “அருமையான பொருத்தமெல்லோ, ஏன் விட்டனீங்கள்?” என்று கேட்கிறார்.

மகள் பிறகு தானாகவே ஒருத்தனைப் பார்த்துக்கொண்டாள். நல்ல பெடியன். முதல்நாள் வந்தபோது நான் வாயைத் திறக்க முந்தி, “மாமா, எனக்குத் தொண்ணூறுக்குப் பிறகு வந்த பாட்டுத்தான் தெரியும்” என்றான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக நடந்தது பாங்க் அட்டை விசயம். பென்சன் விழுந்த அன்று எனக்குக் காய்ச்சல். அட்டையை எடுத்துக்கொண்டு போன மனுசி, இரகசிய இலக்கத்தைக் கேட்காமலே காசோடு திரும்பி வந்தாள். நான் கட்டிலில் எழும்பி இருந்துவிட்டேன்.

“இலக்கம் எப்பிடித் தெரியும் உமக்கு?”

“நாலு இலக்கம்தானே. எண்பதுக்கும் எண்பத்தொன்பதுக்கும் இடையிலை ஒரு வருசமாத்தான் இருக்கும். எந்த வருசத்தைப் பற்றி நீங்கள் கூட அலட்டுறனீங்கள் எண்டு யோசிச்சன். அந்த வயித்துக்குத்து வந்த கிற்றார்காரன்ரை வருசத்தைப் போட்டன், காசு வந்திட்டுது.”

காய்ச்சல் மாறின உடனேயே பாங்குக்குப் போய் இலக்கத்தை மாற்றிவிட்டேன். எண்பதுகளுக்குள் வைத்தால்தானே பிடிபடும். இப்போது பக்கிள்ஸ் பாட்டு வந்த வருடத்தை வைத்திருக்கிறேன். இனி ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.